சண்டை போடாமல் வேலையை விடுவது

நான் வேலையை விட்ட கதை என்றால், எந்தத் தடவை விட்ட கதை என்று கேட்பார்கள். அத்தனை தடவை விட்டிருக்கிறேன். வழுதக்காட்டில் பத்மஜா சேச்சி நடத்தும் லேடீஸ் ஹாஸ்டலில் நான்தான் சமையல். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். என் சாம்பாரில் சேச்சி தேங்காயெண்ணெய் ஊற்றினால் போதும், ஏப்ரனைக் கழற்றி மேடையில் வீசிவிட்டு, "இந்த எழவெடுத்த அடுப்படியில இனி கால வைக்க மாட்டேன்" என்று கிளம்பிவிடுவேன். மறுநாள் காலையில் அதே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இட்லி ஊற்றுவேன். சேச்சி ஒன்றும் கேட்க மாட்டார். பால் சேர்க்காத ஒரு கட்டன்சாயாவை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைப்பார்.

இந்தத் தடவை நிஜம். என் வீட்டுக்காரர் வன்னியராஜ் கல்லாற்றில், பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில், ஒரு சாப்பாட்டுக்கடை பிடித்துவிட்டார். மாதம் பிறந்ததும் திறப்பு. எனக்கு ஒரே ஆசைதான். சேச்சி முழுமனசோடு என்னை அனுப்பி வைக்க வேண்டும். ஊர்விட்டு வந்தவளை நம்பி அடுப்பைக் கொடுத்தவர் அவர். அவர் மனம் கோணினால் என் கடை விளங்காது என்று பயந்தேன்.

தலைக்குக் குளித்து, பூ வைத்து, அவர் முன்னால் போய் நின்றேன்.

"சேச்சி, மாசக் கடைசியோட நான் நின்னுக்கிடுதேன்."

சேச்சி காய்கறிப் பையைக் கொட்டிக்கொண்டிருந்தார். "ஆயிக்கோட்டே, சரி. நாளைக்குப் புட்டு போதும், கேட்டோ?"

"நெசமாத்தான் சொல்லுதேன். கல்லாத்துல கடை போடுதோம்."

"முந்தி கல்ஃபுக்குப் போறேன்னே. போன மாசம் திருநெல்வேலின்னே. இப்போ கல்லாறா? தூரம் குறைஞ்சு வருது, அல்லே?"

எனக்குச் சுருக்கென்றது. வேறு நாளாக இருந்தால் வெண்டைக்காய் பறந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். என் இடத்துக்கு ஷிஜா என்ற பெண்ணைக் கூட்டிவந்து வேலை பழக்கினேன். "நல்லதாப் போச்சு, உனக்கு ஒரு ஒத்தாசை" என்றார் சேச்சி. இவரை என்னதான் செய்வது? சொல்லாமல் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள், சாம்பார் கொதிக்கும்போது சேச்சி வந்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை அதில் ஊற்றினார். வேண்டுமென்றேதான். ஷிஜா பயந்துபோய் கதவுப் பக்கம் ஒதுங்கினாள்.

"ஊத்துங்க சேச்சி. அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

சேச்சியின் கை அப்படியே நின்றது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ நீ பறஞ்சது சத்தியம். நிஜமாவே போறே." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். பழி போடுவதற்கு அன்றைக்கு நறுக்குகிற வெங்காயம்கூட இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் ஏப்ரனை மடித்து ஷிஜாவிடம் கொடுத்தேன். சேச்சியின் காலைத் தொட்டேன்.

"சந்தோஷமா அனுப்பி வைங்க சேச்சி."

"மாட்டேன்."

இதற்காகவா இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்?

"சிரிச்சிட்டுப் போனா நீ கடையே கதின்னு இருந்திடுவே" என்றார் சேச்சி. "சண்டை போட்டுட்டுப் போனப்போ எல்லாம் திரும்பி வந்திருக்கே. அதுமாதிரி போ."

ஷிஜாவின் கையிலிருந்து ஏப்ரனைப் பிடுங்கி மேடையில் வீசினேன். "இந்த எழவெடுத்த அடுப்படியில இனி கால வைக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் படியிறங்கினேன். "போடி, போ" என்று சேச்சியும் உள்ளிருந்து கத்தினார். தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறும்வரை சிரிப்பும் அழுகையுமாக வந்தேன்.

கடை நன்றாகவே ஓடுகிறது. மழைக்காலத்தில் ஒருநாள் மண்சரிவென்று பொன்முடி ரோட்டை அடைத்துவிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டு வழுதக்காட்டுக்குப் போனேன். சேச்சி ஒன்றும் கேட்கவில்லை. கட்டன்சாயாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.