அல்ஃபான்ஸோவுக்கு ஓர் ஆசீர்வாதம்

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன கிளோவிஸ் டெனன்ட் பத்தேகாலுக்கே என் ஸ்டுடியோவுக்குள் வந்துவிட்டார். ஜமைக்காவில், அதுவும் கிங்ஸ்டனில், ஒருவர் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்தால், அவருக்கு ஏதோ பெரிய கஷ்டம் என்று அர்த்தம்.

கிளோவிஸுடைய சவுண்ட் செட்டின் பெயர் 'பில்லர்'. அலமாரி உயரத்தில் பதினெட்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஹெல்ஷயர் கடற்கரையில் வருஷந்தோறும் நடக்கும் சவுண்ட் போட்டியில், மூன்று வருஷமாக அல்ஃபான்ஸோ வெடர்பர்னின் 'தண்டர்பவுல்' செட்டிடம் அது உதை வாங்கிவருகிறது.

"இந்த ஞாயித்துக்கிழமையும் தோத்தா அவ்வளவுதான், டென்ஸில். பெட்டியெல்லாம் சபைக்கு வித்தாகணும். பாஸ்டர் வந்து டேப்பு வெச்சு அளந்துட்டுப் போயிட்டாரு."

இரண்டு செட்டும் மாறிமாறிப் பாட்டுப் போடும்; கூட்டம் யாருக்கு அதிகம் ஆர்ப்பரிக்கிறதோ அவருக்குக் கோப்பை. இந்தப் போட்டியில் நல்ல பாட்டு வைத்திருந்தால் மட்டும் போதாது. பேர்போன ஒரு பாடகர் எதிராளியின் பெயரைச் சொல்லி, அவனைக் கொன்று, புதைத்து, மேலே மண்ணும் தள்ளி உங்களுக்கென்றே பாடிக்கொடுத்த தனிப் பாட்டு வேண்டும். கிளோவிஸ் ராஸ் செபெடியைக் கேட்டிருந்தார். இன்றைய ரூட்ஸ் ரெகே பாடகர்களில், குரல் கேட்டதும் போலீஸ்காரனும் தொப்பியைக் கழற்றுவது செபெடிக்குத்தான். அவர் இதுவரை எந்த செட்டுக்கும் தனிப் பாட்டு கொடுத்ததில்லை. என் முகத்துக்காக ஒப்புக்கொண்டார்.

பதினொன்று என்று சொல்லியிருந்ததால் செபெடி மூன்று மணிக்கு வந்தார். கிளோவிஸ் எழுதிவந்த தாளைப் படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதுல ஒரு பெட்டி வருதே."

"சவப்பெட்டிண்ணே. நாலு எடத்துல வருது."

"ராஸ்தா மார்க்கத்துல இருக்கறவன் வாயில அந்தப் பேச்சே வராது தம்பி. எங்கம்மாவைக் கடைசியா வழியனுப்பக்கூட நான் போகல."

"அம்மாவுக்குப் போகலேன்னா பரவால்லண்ணே. அல்ஃபான்ஸோவுக்கு மட்டும் வந்துட்டுப் போங்க!"

நான் இருமி சிரிப்பை மறைத்தேன். செபெடி சிரிக்கவில்லை.

"வேணும்னா அவனுக்கு ஆசீர்வாதம் பாடறேன்."

"யாருக்கு?"

"அல்ஃபான்ஸோவுக்கு."

கிளோவிஸ் என் பக்கம் திரும்பினார். "டென்ஸில், அந்த பாஸ்டர் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

வேறு பாடகரைத் தேட நாளில்லை. நான் ரிதத்தை ஓடவிட்டேன். செபெடி கண்ணை மூடி ஒரே மூச்சில் பாடி முடித்தார். அல்ஃபான்ஸோ, நீ நூறு வருஷம் இரு. உன் முதுகுவலி தீரட்டும். பெட்டி தூக்கினது போதும், பாரத்தையெல்லாம் பில்லர் சுமக்கும். வீட்டில் கிழங்கு வெந்துவிட்டது, ஆறுவதற்குள் போய்ச் சாப்பிடு. அதையும் கோயிலில் பாடுகிற மாதிரி, அவ்வளவு பக்தியோடு பாடினார்.

"இது என்னண்ணே, தாலாட்டா?" என்றார் கிளோவிஸ்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குள் தண்டர்பவுல் கிளோவிஸைப் பதினோரு தடவை புதைத்துவிட்டது. மீன் பொரிக்கும் பெண்கள் கொட்டாவி விட்டார்கள். கடைசிச் சுற்றில் கிளோவிஸ் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு செபெடியின் பாட்டைப் போட்டார்.

முதல் வரிக்குக் கூட்டம் திகைத்தது. முதுகுவலி வந்ததும் ஒருவன் சிரித்தான். கிழங்கு வந்தபோது மீன் கடை வாசலில் ஒரு பெண்மணி தட்டோடு எழுந்தார். அல்ஃபான்ஸோவின் மனைவி மாவ்ரின்.

"இருபத்தாறு வருஷமா நான் கத்தறதைத்தானே அவரு பாடறாரு! காதுல விழுந்துச்சா மனுஷா?"

கடற்கரையே வெடித்தது. சட்டி மூடியைத் தட்டினார்கள், தகரத்தை அடித்தார்கள். "திருப்பிப் போடு! திருப்பிப் போடு!" ஏழு தடவை போடவைத்தார்கள்.

அல்ஃபான்ஸோ தன் பாட்டுகளையெல்லாம் புரட்டினார். அத்தனையும் கொலை. வேறு வழியில்லாமல் ஒன்றைப் போட்டார். துப்பாக்கிச் சத்தத்தோடு அது ஆரம்பித்ததும் மீன்காரி ஒருத்தி கரண்டியை ஓங்கினாள்.

"வாழ்த்தறவங்களையா சுடுவே? வெக்கங்கெட்டவனே, நிறுத்துடா!"

நிறுத்தினார். கோப்பை கிளோவிஸ் கைக்கு வந்தது. அல்ஃபான்ஸோவை மாவ்ரின் கையைப் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் செபெடிக்கு போன் செய்து ஜெயித்ததைச் சொன்னேன். "அப்படியா, அந்த ஆளு சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

கிளோவிஸின் ஆட்கள் ரம் கடையைத் தேடிப் போய்விட்டார்கள். அவர் கோப்பையை மணலில் போட்டுவிட்டு, பெட்டி ஒவ்வொன்றையும் தன் சட்டையாலேயே துடைத்து லாரியில் ஏற்றினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

"மெதுவாடா டென்ஸில்! கீறல் விழுந்தா உன்னைச் சும்மா விடமாட்டேன்," என்று பதினெட்டுப் பெட்டிக்கும் திட்டினார்.