பெர்கீனியா பூத்தால் போவதில்லை

என் நாத்தனார் ரச்னா, எங்கள் தீவு நாட்டில் எண்பத்தேழில் ராணுவக் கலகம் வந்து எங்களைப் போன்ற இந்திய வம்சத்தார் பயந்து வெளியேறியபோதே நியூசிலாந்துக்குக் கிளம்பிவிட்டவள். அவள் போய்ச் சேர்ந்தது அந்த நாட்டின் தென்கோடி. குளிரில் பல் தந்தியடிக்கும் ஊர், ஆனாலும் அதைப் பற்றி அவளுக்கு அப்படியொரு பீற்றல். ஒருமுறை எங்கள் ஊர் லாமிக்கு வந்தபோது கம்பளிக் காலுறைக்குள் ஒளித்து ஒரு கிழங்கைக் கொண்டுவந்தாள். பெர்கீனியாவாம்.

"வெயிலே வேணாம் அண்ணி. நெழல்ல வைங்க, வருஷா வருஷம் அதுபாட்டுக்கு இருக்கும். ரோஸ் கலர்ல கொத்துக் கொத்தா பூக்கும்" என்றாள்.

லாமி மழையில் கிழங்கு பாதி அழுகியது. மிச்சத்தைப் பெயிண்ட் டின்னில் ஓட்டை போட்டு, சரளைக்கல் கலந்து, மாமரத்து நிழலில் வைத்தேன். பிழைத்தது. தடித்த, உருண்டை இலைகள். ஈரக்கையால் தேய்த்தால் பன்றிக்குட்டி மாதிரி கீச்சிடும். பூ மட்டும் ஒரு வருஷமும் கிடையாது.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கலகக்காரர்கள் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். ரச்னா ஞாயிறுதோறும் போன் செய்து வாங்க வாங்க என்றாள். என் கணவர் மகேந்திரா தச்சர். அந்த ஊரில் தச்சருக்குக் கிராக்கியாம். எனக்கோ லாமியை விட்டு ஓர் அடி நகர மனமில்லை. அழுதேன், கத்தினேன், பாத்திரத்தை உருட்டினேன்.

"சரி ஜான்கி. தீபாவளிக்குள்ள உன் செடி பூத்தா இங்கயே இருப்போம். பூக்காட்டி போயிடுவோம்" என்றார்.

இந்த வருஷமாவது பூக்காமலா போகும் என்று துள்ளிக் குதித்து ஒப்புக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ரச்னா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அண்ணி, நல்லா குளிர் படாம அது பூக்காதே! அண்ணனுக்கு நான் எப்பவோ சொல்லிட்டேனே!"

எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. தெரிந்தே பந்தயம் வைத்திருக்கிறார், மகராசன்!

நேராகப் பக்கத்து வீட்டு லிதியாவிடம் போனேன். அவளுக்கு மீன் தொழிற்சாலையில் இரவு வேலை. "சேங்கா நா லெங்கா" என்றாள், அதாவது கவலையே வேண்டாம் என்று. அன்று முதல் பெர்கீனியாவுக்கு இரவெல்லாம் மீனோடு குளிர் அறை வாசம், பகலில் லிதியா வீட்டுப் பின்புற நிழல். வழியில் சிப்பாய்கள் கூடையைத் திறக்கச் சொன்னால் அவள் இலையைத் தேய்த்துக் கீச்சென்று கத்த வைப்பாளாம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களும் தேய்த்துப் பார்ப்பார்களாம்.

மாமரத்தடி காலியாக இருந்தால் குட்டு உடைந்துவிடுமே. அதே மாதிரி டின்னில், எங்கள் பேச்சில் கோபி என்கிற முட்டைக்கோஸ் நாற்று ஒன்றை நட்டு வைத்தேன். மறுநாள் காலை மகேந்திரா வழக்கம்போலச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார், அந்தக் கோஸுக்கும் சேர்த்து! நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். வாரங்கள் போகப் போக கோஸ் உருண்டு, குண்டாகி, ஒரு பூச்சி கடிக்காமல் தளதளவென்று வளர்ந்தது. அப்போதும் அவர் மரியாதையாகத் தண்ணீர் விட்டார். மனிதருக்குக் கண் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

தீபாவளி வாரத்தில் லிதியா கூவிக்கொண்டே ஓடிவந்தாள். சிவந்த தண்டின் நுனியில் ரோஸ் நிறக் கொத்து! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் குனிந்து முகர்ந்தார். "மீன் வாடை அடிக்குது" என்றார். பிறகு, "அப்ப நான் வளத்த கோபிய என்ன பண்றது?"

"தெரியுமா உங்களுக்கு?"

"சபேட்டோ ஊருல கரும்புக்காரன் ஊட்டுல பொறந்தவன், எனக்குக் கோபி தெரியாதா? நீ எந்திரிக்கறதுக்கு முன்ன தெனம் புழு எடுத்தது யாருன்னு நெனச்ச?"

"அப்போ ஏன் வாயத் தொறக்கல?"

அவர் பூங்கொத்தை விரலால் தொட்டார். "நீ அழுவாம கெளம்பணும்னுதான் பந்தயம் வச்சேன். கோபியப் பாத்ததும் இவ விடமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஜான்கி. எனக்கும் போவப் புடிக்கல."

நான் அவர் தோளில் ஓர் அடி போட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவர்தான் எடுத்தார்.

"பூத்துடுச்சு ரச்னா. நாங்க வரல... குளிரு இல்லாம எப்படிப் பூத்துச்சுன்னா கேக்கற? எங்க லாமி குளிரு உனக்கு மறந்தே போச்சா?"