அரசாங்க மை

போலீஸ்காரர்கள் மீது வரும் புகார்களை வகை பிரிக்க ரைட்டரைவிடப் பொருத்தமான ஆள் உலகத்திலேயே கிடையாது. இருபத்தெட்டு வருடம் காவல் நிலையத்தில் உட்கார்ந்து ஜனங்களின் புகார்களை எழுதி வாங்கியவர். உள்ளதைச் சொன்னால், எழுதாமல் திருப்பி அனுப்பியவர். அந்த நாற்காலிக்கு ரைட்டர் என்று பெயர். நாற்காலி போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது அவரைப் புகார் ஆணையத்துக்கு மாற்றினார்கள். அங்கே வாசல் காவலாளிகூட முதல் நாளே "வாங்க ரைட்டர்" என்றுதான் வரவேற்றார்.

ஆணையம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாடியில் இரண்டு அறை, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, ஐந்து நிறத்தில் ஐந்து கோப்பு அடுக்கு. போலீஸ் அடித்திருந்தால் சிவப்பு. லஞ்சம் கேட்டிருந்தால் பச்சை. பொய் வழக்கு மஞ்சள். மரியாதைக் குறைவு வெள்ளை. புகாரையே வாங்க மறுத்திருந்தால் நீலம். மூலையில் ஓர் அட்டைப்பெட்டி. ஐந்து வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம் என்றால் 'காலம் கடந்தது' என்று முத்திரை குத்தி அதில் போட்டுவிடலாம். பெட்டிக்குள் போன காகிதம் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நீலம் மட்டும் மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதை ஒரே குவியலாகப் பார்க்க ரைட்டருக்குப் பொறுக்கவில்லை. தையல்காரரிடம் போய் எல்லாத் துணியும் துணிதானே என்றால் சும்மா இருப்பாரா? ரைட்டர் பென்சிலை எடுத்து உறைமேல் உள்வகை எழுத ஆரம்பித்தார். 'சம்பவம் நடந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம், அது வேற ஸ்டேஷன்' என்று விரட்டியிருந்தால் எல்லை வகை. 'எழுதுறவர் சாப்பிடப் போயிருக்கார்' என்றால் சாப்பாட்டு வகை. 'நீங்களே பேசித் தீர்த்துக்கங்க' என்றால் சமாதான வகை. 'பேனாவுல மை தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க' என்றால் மை வகை.

கடைசி வகை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. காதில் எப்போதும் இரண்டு பேனா செருகியிருப்பார். ஒன்று எழுதும், ஒன்று எழுதாது. மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் "எண்ணிக்கை ஏறக் கூடாதுய்யா" என்று முறைத்தால் எழுதாத பேனா வேலைக்கு வரும். காகிதத்தில் நாலு கீறு கீறி, ஒரு பெருமூச்சு விட்டு, மிகுந்த வருத்தத்தோடு ஆளை அனுப்பிவைப்பார். "இந்தக் கை யார் மேலயும் பட்டதில்ல, யார்கிட்டயும் நீண்டதில்ல" என்று சொல்லிக்கொள்வார். அது சத்தியம். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறும்போது 'குற்றமற்ற பணி' என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை மாட்டுவதற்கு வீட்டுக் கூடத்தில் இப்போதே ஆணி அடித்தாகிவிட்டது. மனிதருக்கு அவ்வளவு அவசரம்.

அவர் மகன் வயதுதான் இருக்கும் ஆணையத்தின் அதிகாரியம்மாவுக்கு. பென்சில் எழுத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரைட்டர் சார், இதை அப்படியே ஆண்டறிக்கையில போட்டுடலாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிஜக் கடிதம் மாதிரிக்கு வேணும். பேர் இல்லாம. தேடி எடுங்க."

ரைட்டருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வகைக்கு உடனே கிடைத்தது. மை வகைக்கு மட்டும் எல்லாமே ஒற்றை வரி. நாலாம் நாள் தபாலில்தான் அம்சமான கடிதம் ஒன்று வந்தது, மூன்று பக்கம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற கையெழுத்து.

எழுதியவள் ஒரு மருந்துக்கடையில் உதவியாளர். பதினொரு வருடத்துக்கு முன் பஸ்ஸில் பை தொலைந்தது. உள்ளே அவள் மருந்தாளுநர் சான்றிதழ். நகல் வேண்டுமென்றால் போலீஸ் ரசீது வேண்டும். நிலையத்துக்குப் போனாள். முதல் நாள் பேனாவில் மை இல்லை. இரண்டாம் நாள் மை இன்னும் வரவில்லை. 'ஆகா, கச்சிதம்' என்று ரைட்டர் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாம் நாள் அவள் புதுப் பேனா வாங்கிக்கொண்டு போய் நீட்டினாளாம். அதற்கு எழுதுகிறவர் சொன்னாராம்: "இதெல்லாம் செல்லாதும்மா. இந்த ரெஜிஸ்டர்ல அரசாங்க மைதான் ஏறும்."

ரைட்டரின் கையிலிருந்த டீ மேசையில் கொட்டியது. கடிதத்தை மட்டும் காப்பாற்றிவிட்டார்.

ஏனென்றால் அந்த வசனத்தை எந்த நிலையத்திலும் வேறு யாரும் சொன்னதில்லை. புகார் கொடுக்க வந்தவரிடம் அவர் சொன்னது, ஒரே ஒரு தடவை. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. அது அவருடைய வாழ்நாள் ஜோக். பதினொரு வருடமாக எந்த விசேஷ வீட்டிலும் அதைச் சொல்லாமல் அவர் எழுந்ததில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சங்கதி இருந்தது. மூன்று மாதத்துக்குள் போலீசில் சொல்லியிருந்தால்தான் நகல் தருவார்களாம். அதற்குப் பிறகு அவள் ஏறாத படி இல்லை. எங்கும் 'அப்பவே போயிருந்தா ரசீது எங்கே?' என்றுதான் கேட்டார்கள். பதினொரு வருடமாக வேறொருவர் சான்றிதழ் தொங்கும் கடையில் அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். இப்போது முதலாளிக்கு உடம்பு முடியவில்லை. சான்றிதழ் இருந்தால் கடையை உனக்கே விடுகிறேன், இல்லையென்றால் மாதக் கடைசியில் மூடிவிடுகிறேன் என்கிறார். 'எனக்கு யாரையும் தண்டிக்க வேண்டாம். நான் வந்தேன் என்று அங்கே இருந்த யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும்.'

அங்கே இருந்தது யார்? அவளும் ரைட்டரும்தான்.

முத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பதினொரு வருடம், சட்டப்படி அட்டைப்பெட்டி. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ரைட்டர் முத்திரையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்றைக்குப் பார்த்து வீட்டில் சம்பந்தி வந்திருந்தார். மகனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான். டீ குடித்து முடித்ததும் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, அந்த அரசாங்க மை கதையைச் சொல்லுங்க. சம்பந்தி கேட்டதே இல்லையே."

"இன்னிக்கு வேணாமே."

"அட, ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறீங்க!"

சொன்னார். வேறு வழி? வாய்க்குப் பழகிய கதை, அதுவாகவே ஓடியது. அந்த வசனம் வந்ததும் சம்பந்தி தொடையில் தட்டிச் சிரித்தார். மகன் சிரித்தான். மனைவி முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்தாள். புது மருமகளும் சிரித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்:

"அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணாங்க மாமா?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் என்று ஒன்று இருப்பதே ரைட்டருக்குத் தோன்றியதில்லை.

"மருந்துக்கடையில வேலைக்குப் போனாங்க" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

சம்பந்தி கிளம்பிப் போனதும் கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானும்தானே பதினொரு வருஷமா சிரிச்சேன்" என்றாள்.

"எழுதிக் கொடுத்தா எனக்கு அந்தக் 'குற்றமற்ற பணி' சான்றிதழ் கிடைக்காது. விசாரணை வரும்."

"வரட்டும்."

"ஆணி?"

"காலண்டர் மாட்டிக்கலாம். அது என்ன வெள்ளி ஆணியா?"

மறுநாள் காலை கடிதத்தை அதிகாரியம்மாவின் மேசையில் வைத்தார். உறையில் நீல மையால் 'புகார் வாங்க மறுப்பு' என்று எழுதியிருந்தது. பென்சில் இல்லை.

"சார், இது பதினொரு வருஷம் ஆனது. பெட்டிக்குத்தானே போகணும்?"

"சாட்சி இருந்தா எடுத்துக்கலாம்னு விதி இருக்கு மேடம்."

"சாட்சி யாரு?"

"நான்."

"அட, நல்லதாப் போச்சு. எதிர்த்தரப்பு? அந்த எழுதுறவர் யாருன்னு தெரியுமா?"

"அதுவும் நான்தான் மேடம்."

அதிகாரியம்மா சிரிக்கத் தயாரானவர் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ரெண்டே மாசம் சார்" என்றார் மெல்ல. "நான் இதைப் பார்க்கவே இல்லன்னு வச்சுக்கலாம்."

"நானும் அப்படித்தான் மேடம், அந்தப் பொண்ணைப் பார்க்கவே இல்லன்னு வச்சுக்கிட்டேன். அந்தம்மாவுக்கு மாசக் கடைசிதான் கெடு. அதுக்குள்ள வரச் சொல்லுங்க."

அவள் வியாழக்கிழமை வந்தாள். கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். விரல் நுனியில் ஏதோ சிரப் ஒட்டியிருந்தது. ரைட்டர் முந்திய நாளே நாலு பேனா வாங்கி, நாலையும் எழுதிப் பார்த்து, மேசையில் வரிசையாக வைத்திருந்தார். அவள் உள்ளே வந்து அவர் காதைப் பார்த்தாள். காதில் ஒன்றும் இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானா?"

"நான்தாம்மா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிசையாக இருந்த பேனாக்களைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து தன்னுடைய பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல எழுதுங்க. செல்லும்தானே?"

"செல்லும்மா."

அந்தப் பேனாவை எடுத்தார். தேதி போட்டார். 'மேற்படி பெண்மணி தம் சான்றிதழ் தொலைந்ததைப் பற்றிப் புகார் கொடுக்க நிலையத்துக்கு வந்தார். எழுதும் பொறுப்பில் இருந்த நான் அதை வாங்கவில்லை' என்று எழுதி அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் நிதானமாகப் படித்தாள்.

"வந்தார்னா? ஒரு தடவையா? மூணு நாள் வந்தேன் சார். மூணையும் போடுங்க."

ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார். பதினொரு வருடமாகச் சொன்ன கதையில் ஒரு நாள்தான் இருந்தது, ஜோக் வந்த நாள்.

"எனக்கு மூணாவது நாள் மட்டும்தாம்மா ஞாபகம் இருக்கு."

"எனக்கு மூணும் ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். "நான் சொல்றேன். நீங்க எழுதிக்கங்க."

ரைட்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.