அமலினியின் வரவு

ஒவ்வொரு வருடமும் மே பதினோராம் திகதி என் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். நான் இரண்டாவது வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்பேன். "போரில் மரித்த எங்கள் சின்னச் சகோதரி றெபேக்காவுக்காக" என்று பாதர் வாசிக்கும்போது வந்திருக்கும் தமிழ்ச் சனம் அம்மாவைப் பார்த்துக் கண் கலங்கும். றெபேக்கா நான்தான். உயிரோடும் பசியோடும் இருந்து, எப்போது பூசை முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

செத்தது என் அக்கா அமலினி. 2009இல், நாலு வயதும் எட்டு மாதமும், முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து. அப்பா றோபேட் அப்போது பலேர்மோத் துறைமுகத்தில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட அவர் முன்னமே கொடுத்திருந்த விண்ணப்பத்தில் மனைவி அற்புதமலர், மகள் அமலினி என்று இரண்டு பெயர்கள்தான் இருந்தன. நான் அப்பா போன பிறகு பிறந்தவள். பிறப்புச் சான்றிதழை நாளைக்கு எடுப்போம், நாளைக்கு எடுப்போம் என்று அம்மா இழுத்தடிக்க, சண்டை வந்துவிட்டது. நாங்கள் முகாமில் இருந்தபோது இத்தாலிக்கு வர அனுமதி கிடைத்தது. பெயர் இருந்த பிள்ளை இல்லை, இருந்த பிள்ளைக்குப் பெயர் இல்லை. அப்பா தொலைபேசியில் ஒரே வசனம்தான் சொன்னாராம்: "சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

அந்த மிச்சத்தை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், பிறகு தினமும் அந்தச் சோற்றைத்தான் தின்னவேண்டும். ஊர்ச்சனத்திடம் சின்னவள் போய்விட்டாள் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை அமலினி என்று சேர்த்தார்கள். வீட்டில் இரண்டு பெயரையும் சொல்லப் பயந்து "தங்கச்சி" என்றே கூப்பிட்டார்கள். மகளைத் தங்கச்சி என்று கூப்பிடுவது எங்கள் ஆட்களின் வழமை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த வருடம் எனக்குக் கடைசி வகுப்பு. ஜூனில் மத்துரித்தா, அதாவது பள்ளிப் படிப்பை முடிக்கும் பெரிய சோதனை. மன்னாரில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஜோசுவா உயர்தரச் சோதனை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வேலையற்று இருந்தான். அவன் அமலினியின் வயதுக்காரன். எங்கள் வீட்டு உண்மை தெரிந்த வெகு சிலரில் ஒருவன். ஏப்ரல் முழுக்க வாட்ஸ்அப்பில் யாருடைய பள்ளிக்கூடம் மோசம் என்று சண்டை பிடித்தோம்.

"மூண்டு பாடந்தானே, பேந்தென்ன கஷ்டம் உனக்கு?" என்று கேட்டேன்.

"மூண்டு பாடமெண்டாலும் முழு நாட்டோடையும் ஓடவேணும். இசட் புள்ளி எண்டு ஒண்டு போட்டு வரிசைப்படுத்துவினம், பிறகு மாவட்டம் பாப்பினம். நல்லாச் செய்தும் கம்பஸ் கிடைக்காமல் போகும். உனக்கு எப்பிடி?"

"நூறுக்கு அறுபது எடுத்தாப் பாஸ். அதிலை நாப்பது மட்டும் கடைசி மூண்டு வருசத்துப் படிப்புக்குத் தருவினம். ரெண்டு நாள் எழுத்து. பிறகு ஏழு பேருக்கு முன்னாலை வாய்ச் சோதினை."

"வாயாலையோ? அப்ப நீ பாஸ்தான். வேறை என்ன இருக்கு உன்னட்டை?"

"நூற்றைம்பது மணித்தியாலம் வெளியிலை வேலையும் செய்து காட்டவேணும். நான் துறைமுகத்திலை கப்பலாலை இறங்கிற வெள்ளையளுக்கு ஊர் வரைபடம் குடுத்தன்."

"நாங்கள் சிரமதானத்திலை புல்லுப் பிடுங்கினனாங்கள். அதை ஆர் எண்ணினது?"

அவன் வெள்ளைச் சேட்டும் ரையும் போட்டான், பிந்தினால் வெயிலில் நிறுத்தினார்கள். நான் ஜீன்ஸ் போட்டேன், ஆனால் எங்கள் கழிவறையில் கடதாசி இருந்ததில்லை. இப்படியே போய் ஒருநாள் வரவுக்கு வந்தோம்.

"எண்பது வீதம் வரவு வேணும். இல்லாட்டிச் சோதினைக்கு விடமாட்டினம்," என்றான்.

"இஞ்சை முக்கால் பங்கு. எனக்கு அது பிரச்சினை இல்லை. நான் போகாத நாளிலையும் எனக்கு வரவு விழுது."

பகிடியாகத்தான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்லப் பகிடி குறைந்தது.

எங்கள் பள்ளி வரவு இடாப்பு இப்போது போனில் இருக்கிறது. வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் பெற்றோர் தங்கள் இரகசிய இலக்கத்தை அடித்துக் காரணம் எழுதவேண்டும். ஐந்து வருட உயர்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் மே பதினொன்று அன்று, என் பூசைக்காக, நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாள் அம்மாவின் பெயரில் காரணம் எழுதுவோம் என்று திறந்தால் அந்த நாள் பச்சை. ஆசிரியர் கை தவறி அழுத்தியிருப்பார் என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் வகுப்பிலும் அதே நாள் பச்சை. மறுநாள் என் பக்கத்துக் கதிரைக்காரி மார்த்தினா கேட்டாள்: "நேற்று ஏன் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை? கோபமா?"

இன்னொன்றும் இருந்தது. அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆரம்பப் பள்ளி முதலாம் வகுப்பிலிருந்தே, இடாப்பில் அமலினி என்று கூப்பிட்டால், நான் "பிரெசெந்தே", வந்திருக்கிறேன், என்று வாய் திறப்பதற்கு அரைக் கணம் முன்னால் ஒரு சின்னக் குரல் அதைச் சொல்லும். முந்திரிக்கொட்டை மாதிரி எப்போதும் முந்திக்கொள்ளும். எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் வந்தது.

 ஜோசுவா மெல்லச் சொன்னான்: "அவளுக்குப் பள்ளிக்கூடம் எண்டா உயிர். பங்கருக்குள்ளை எங்கள் எல்லாரையும் இருத்தி இடாப்புக் கூப்பிடுவாள். என்ரை பேர், உன்ரை பேர். கடைசியாத் தன்ரை பேரைத் தானே கூப்பிட்டு, தானே கை உயர்த்தி, உள்ளேன் ரீச்சர் எண்டுவாள். அஞ்சு வயசு முடிய வகுப்பிலை சேத்துவிடுறதெண்டு சின்னம்மா சொல்லி வைச்சிருந்தவ."

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

மே முதல் கிழமையில் பள்ளிக் கந்தோரிலிருந்து ஒரு தாள் தந்தார்கள். டிப்ளோமாவில் அச்சடிக்கப்போகும் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். பிழை இருந்தால் திருத்தி, இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டு, பன்னிரண்டாம் திகதி கொடுக்கவேண்டும். தாளில் அமலினி இருந்தாள். கையெழுத்துப் போட்டால் நான் சாகும்வரை அவள்தான். மாட்டேன் என்றால் சோதனைக்கு விடுவார்களோ தெரியாது, குவெஸ்துராப் பொலிஸ் கந்தோரில் அப்பா பதில் சொல்லவேண்டும், எங்கள் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ எல்லாம் போகலாம்.

"பேப்பரிலை இருக்கிறதுதான் பேர்," என்றார் அப்பா. "பேசாமல் சைன் வை. வாய் திறந்தா மூண்டு பேரையும் பிளேனிலை ஏத்துவாங்கள்."

 லிபெர்த்தாத் தெருவில் தான் வேலை செய்யும் சிஞ்ஞோரா வீட்டுத் துணிகளை மடித்து மடித்து அம்மாவின் கைக்குச் சும்மா இருக்கவே தெரியாது. மேசை விரிப்பை மடித்தா, விரித்தா, திரும்ப மடித்தா.

பதினோராம் திகதி காலை அம்மா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றா. நான் பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டிருந்தேன்.

"தங்கச்சி, பூசைக்குப் பிந்துது."

"என்ரை செத்தவீட்டுக்கு நான் இனி வரமாட்டன், அம்மா. நீங்கள் போய் அழுங்கோ."

அடிப்பா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதவைச் சாத்தாமலே இறங்கிப் போய்விட்டா. அந்த வசனத்தை நான் இன்னும் விழுங்கமுடியாமல் இருக்கிறேன்.

முதல் பாடத்தில் ஆசிரியை தலை நிமிராமல் இடாப்பைக் கூப்பிட்டா. "அமலினி." நான் காத்திருந்தேன். சின்னக் குரல் வரவில்லை. முதல் தடவையாக எனக்கு முன்னால் மௌனம் இருந்தது. "பிரெசெந்தே," என்றேன். ஆசிரியை அடுத்த பெயருக்குப் போய்விட்டா. இடைவேளை முடிந்து வந்து நான் கதிரையில் இருக்க, மார்த்தினா தன் பையை என் மடியில் வைத்தாள். "ஏய்!" என்று கத்தினேன். அவள் துள்ளி எழும்பி மன்னிப்புக் கேட்டாள். கதிரையில் ஆள் இருப்பதைக் காணவில்லையாம். சிரித்தாள். நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை. மிச்ச நேரம் முழுக்க யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் என் கையை அடிக்கடி கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அம்மா கறுப்புச் சட்டையை மாற்றாமல் சமையல் மேசையில் இருந்தா. முன்னால் போன். அப்பாவும் வேலையால் வந்திருந்தார்.

"எங்கை போனனி?" என்று அம்மா கேட்டா.

"பள்ளிக்கூடத்துக்கு."

போனை என் பக்கம் தள்ளினா. பள்ளியிலிருந்து செய்தி. உங்கள் மகள் அமலினி இன்று வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும். சிவப்பு.

"நான் போனனான், அம்மா. சத்தியமா. முதல் பாடத்திலையிருந்து இருந்தனான்."

"தெரியும்," என்றா அம்மா. 

"பிழையா அமத்தியிருப்பினம்," என்றார் அப்பா. "போன் அடிச்சுச் சொன்னாச் சரி."

அம்மா அவரைக் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னா: "பூசையிலை எனக்குப் பக்கத்திலை ஒரு ஆள் வந்து இருந்தது. நீதான் மனம் மாறி வந்திட்டாயாக்கும் எண்டு நினைச்சு நான் திரும்பேல்லை. பிறகு கையைப் பிடிச்சுது. தங்கச்சி, அது சின்னக் கை. பாதர் றெபேக்கா எண்டு வாசிக்கேக்கை அந்தக் கை என்ரை விரலை இழுத்துது. கடைக்கு முன்னாலை நிண்டு பிள்ளையள் இழுக்கிற மாதிரி. நான் இல்லையம்மா அது, என்ரை பேரைச் சொல்லு எண்டு இழுக்கிற மாதிரி."

அப்பா எழும்பி யன்னலடிக்குப் போனார்.

அம்மா போனை எடுத்தா. வழமையாக நான்தான் அவவின் இலக்கத்தை அடித்துக் காரணம் போடுவேன். தரச் சொல்லிக் கை நீட்டினேன். தரவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, இலக்கத்தை ஒவ்வொன்றாக அடித்தா. காரணங்கள் வந்தன: சுகவீனம், குடும்ப விடயம், பயணம், வேறு. "வேறு" என்பதை அழுத்தினா. எழுதுவதற்கு ஒரு பெட்டி திறந்தது.

"செத்துப் போனாள் எண்டு இவையின்ரை பாசையிலை எப்பிடி எழுதிறது?"

"உனக்கென்ன விசரே?" அப்பா திரும்பினார். "இத்தனை வருசம் கஷ்டப்பட்டு... நாளைக்குக் குவெஸ்துராவிலை ஆர் நிக்கிறது?"

"நான் நிக்கிறன். இஞ்சேருங்கோ, உயிரோடை இருக்கிறவளுக்கு நான் இத்தனை வருசமாப் பூசை குடுத்திருக்கிறன். செத்த பிள்ளைக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்தேல்லை. அது பாவம், இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்குது. இண்டைக்குத்தான் என்னட்டை வந்தது. இனியும் பொய் எழுதிக் குடுக்கச் சொல்லுறீங்களோ?"

  அப்பாவும் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்தானே. அவளைக் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்குப் பேச்சே வந்திருக்காது. யன்னல் பக்கம் திரும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அம்மா ஒரு விரலால் தட்டினா. திகதியும் போடவேண்டும் என்று 11.05.2009 என்று அடித்தா. அனுப்பு என்பதை அழுத்திவிட்டுப் போனை மேசையில் குப்புற வைத்தா.

நான் பையிலிருந்து டிப்ளோமாத் தாளை எடுத்தேன். அமலினி என்று அச்சடித்திருந்ததை மெல்லிய கோட்டால் வெட்டினேன். அவளுக்கு நோகக்கூடாது என்பதுபோலத்தான் வெட்டினேன். மேலே என் பெயரை எழுதினேன். எழுதிப் பழக்கமில்லாத கை, கோணலாகத்தான் வந்தது. நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. சோதனை இல்லை என்றும் சொல்லலாம்.

அம்மா தாளை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தா. இடாப்புக் கூப்பிடுவது மாதிரி நிறுத்தி வாசித்தா.

"றெபேக்கா."

இந்த நாட்டுக்கு வந்து அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வாயில் வந்தது பள்ளிக்கூடத்துச் சொல்தான்.

"பிரெசெந்தே."

எனக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துக் காது கொடுத்துப் பார்த்தேன். பின்னாலும் யாரும் சொல்லவில்லை. பதின்மூன்று வருடம் எரிச்சலோடு கேட்ட அந்தக் குரலுக்காக, அம்மாவின் மடியில் முகத்தை வைத்து, அப்போதுதான் நான் என் அக்காவுக்கு அழுதேன்.