கீரை வெந்த தண்ணீர்

மழை விட்டதும் உணவுவிடுதிக்காரர் சராந்திஸ் கத்தியும் சாக்குமாகச் சரிவில் இறங்கினார். மேலே குப்பைமேட்டின் கம்பிவேலி. அதன் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து பாறை இடுக்கில் மறைந்தது. மலையின் மற்றப் பக்கங்களில் காட்டுக்கீரை விரல் நீளம்கூட இல்லை. இங்கே முழங்கால் உயரம்.

விதைக்காதது, மருந்து அடிக்காதது, மலை தானாகத் தருவது, அதனால் சுத்தமானது. அந்தக் கிரேக்க மலையூரில் இதைச் சந்தேகப்பட்டவர் இல்லை. கீரையை வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தின்பார்கள். வெந்த தண்ணீரையும் கொட்டுவதில்லை. எலுமிச்சை பிழிந்து பிள்ளைத்தாச்சிக்கும் குழந்தைக்கும் கொடுப்பார்கள். உடம்புக்கு நல்லதாம்.

இரண்டு மாதத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து இந்தச் சரிவில் மண் எடுத்துப் போனாள். போன மாதம் திரும்பி வந்து அவரிடம் நேரிலேயே சொன்னாள்.

“ஈயமும் காட்மியமும் ஏகத்துக்கு இருக்கு, ஐயா. பேட்டரி, பெயின்ட், பழைய டிவின்னு கொட்டினது எல்லாம் மண்ணுல இறங்கியிருக்கு. கீரை அதை உறிஞ்சிடும். கழுவினாலும் போகாது, வேகவச்சாலும் போகாது.”

“எங்க தாத்தன் காலத்துலேர்ந்து இதைத்தான் தின்னுட்டிருக்கோம்மா.”

“உங்க தாத்தன் காலத்துல குப்பைமேடு இருந்துச்சா?”

அவர் இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஏதென்ஸிலிருந்து ஞாயிறுதோறும் கார்கள் வருவதே அவருடைய உணவுவிடுதியின் கீரைக்காகத்தான்.

அந்த ஞாயிறும் மேசைகள் நிறைந்திருந்தன. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் பந்தெலிஸ், பேத்தியை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

“சராந்தி, எண்ணெயைக் காணோமே. பாட்டிலைக் காட்டிட்டு எடுத்துட்டுப் போயிட்டியா?”

“ஸ்டாப்புல நிக்காம பஸ் ஓட்டினவன் நீ. உனக்கு இது போதும்.”

சிரிப்பு அடங்குவதற்குள் சராந்திஸின் மகள் அர்கிரோ அடுக்களையிலிருந்து வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கையில் ஆவி பறக்கும் கோப்பை. எலுமிச்சை வாசனை.

சராந்திஸ் அதைத் தட்டிவிட்டார். கோப்பை தரையில் விழுந்து உடைந்தது.

“உனக்கு வேணாம்.”

பந்தெலிஸின் முள்கரண்டி பேத்தியின் வாயருகே அப்படியே நின்றது.

“அவளுக்கு வேணாம்னா, இவளுக்கு?” என்றார்.

சராந்திஸ் உடைந்த கோப்பையைக் காலால் ஒதுக்கினார். “குப்பைமேட்டு மண்ணு. விஷம் இறங்கியிருக்கு. எனக்கு ஒரு மாசமாத் தெரியும்.”

“உன் பொண்ணு வயித்துல இருக்கறது மட்டும்தான் பிள்ளையாடா?”

பந்தெலிஸ் குரலை உயர்த்தவில்லை. பேத்தியின் வாயில் விரலை விட்டு மென்றதை வழித்தெடுத்தார்.

சராந்திஸ் மேசை மேசையாகப் போய்த் தட்டுகளை எடுத்தார். “என் பிள்ளைக்குக் கொடுக்கப் பயந்ததை உங்க பிள்ளைங்களுக்குப் பரிமாறினேன். இனிமே அந்தச் சரிவுல யாரும் கத்தி வைக்காதீங்க.”

அர்கிரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா தினமும் இந்தத் தண்ணியைப் பாட்டில்ல ஊத்தி என் வீட்டுக்குக் குடுத்து அனுப்புறாங்களேப்பா. உங்களுக்குத் தெரியாதா?”

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நஞ்சை ஊட்டினாலும் கணக்கு அதேதான்.