பிரிஜெட்டின் முப்பத்திரண்டு மரவைகள்

பிரசவம் பார்க்கப் போகிற வீட்டில், குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்த கையோடு பிரிஜெட்டின் கண் அடுப்பங்கரைப் பக்கம் போகும். உப்போ புளியோ போட்டு மூலையில் கிடக்கும் பழைய மரவை ஒன்று தென்பட்டால், மறுநாளே புது எனாமல் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

"இதை வெச்சுக்கிட்டு அதை எனக்குக் கொடுங்க."

ஒரே கட்டையை உளியால் குடைந்து செய்த அந்தப் பாத்திரங்களை நீலசந்திராவிலும் ஈஜிபுராவிலும் யாரும் பெரிதாக எண்ணவில்லை. நர்சம்மாவுக்குப் பித்து என்று சிரித்தபடி கொடுத்தார்கள். பதினோரு வருஷத்தில் முப்பத்திரண்டு சேர்ந்துவிட்டது. ஆஸ்டின் டவுனில் அவளுடைய இரண்டு அறை வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட இடமில்லை.

அவள் வேலை பார்த்த பிரசவ விடுதியின் கமிட்டித் தலைவர் சீனிவாசராகவன். அவருடைய மனைவி ராஜலக்ஷ்மி அம்மாள் விஷயம் கேள்விப்பட்டு, மாதர் சங்கக் கண்காட்சிக்கு மரவைகளைக் கேட்டாள். பிரிஜெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, நல்லெண்ணெய் தடவித் துடைத்துக் கொடுத்தனுப்பினாள்.

கண்காட்சிக்குக் கணவர் தியோடருடன் போனாள். நீள மேஜையில் மரவைகள் வரிசையாக இருந்தன. முன்னால் ஒரு அட்டை: 'திருமதி ராஜலக்ஷ்மி சீனிவாசராகவன் அவர்களின் சேகரிப்பு.'

தியோடர் அவள் கையைப் பிடித்தார். "வா, போயிடலாம். உன் வேலை அவங்க வீட்டுக்காரர் கையில இருக்கு."

பிரிஜெட் கையை விடுவித்துக்கொண்டு நேரே அம்மாளிடம் போனாள். "அம்மா, அட்டையில பேரு மாறிப்போச்சு."

"மாறலை, பிரிஜெட். என் பேர் இருந்தாத்தானே நாலு பெரிய மனுஷா வந்து பார்ப்பா? பொருள் உனக்குத்தானே திரும்பி வரப்போறது?"

அந்த நேரம் பார்த்து ஒரு விருந்தாளி, மூக்கு வைத்த மரவை ஒன்றைக் காட்டி அது எதற்கு என்று கேட்டார்.

"பழம் வெச்சுப் பரிமாற," என்றாள் அம்மாள்.

"பழத்துக்கு மூக்கு எதுக்கும்மா?" பிரிஜெட்டின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "இது கஞ்சி ஊத்துறது. ஈஜிபுரா ஹொன்னம்மா வீட்டுது. அவ இடதுகைக்காரி. அதான் விளிம்பு இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. இதோ, இது களி கிண்டிப் போட்டது. விரிசல்ல தகரம் வெச்சுத் தெச்சிருக்கு, பாருங்க."

கூட்டம் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. அம்மாளின் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தி, "கீழே 'உதவி: பிரிஜெட்'னு எழுதிடச் சொல்றேன். போறுமா?" என்றாள்.

"போறாதும்மா. நான் உதவி செய்யலை. நான்தான் சேர்த்தேன்."

அட்டையை எடுத்துத் திருப்பினாள். தியோடரிடம் கையை நீட்டினாள். அவர் தயங்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். 'சேகரித்தவர்: பிரிஜெட் தியோடர், நர்ஸ்' என்று எழுதி, கீழே மரவை கொடுத்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். அட்டையில் இடம் போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கி எழுதினாள்.

"இந்த அட்டையை யாராவது எடுத்தா, மரவையெல்லாம் என்னோட வீட்டுக்கு வந்துடும்," என்றாள்.

கண்காட்சி முடியும்வரை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் விடுதியில் அவளுக்கு வேலை இல்லையென்று கடிதம் வந்தது. பிரிஜெட் ஒருநாள் அழுதாள். மறுநாள் 'பிரசவம் பார்க்கப்படும்' என்று வாசலில் பலகை மாட்டினாள். ஆட்கள் வரத்தான் செய்தார்கள். தியோடர் கட்டிலைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டு, முன்னறைச் சுவர் முழுக்க மரவைகளுக்குத் தட்டு அடித்தார்.

மறுவருஷக் கண்காட்சிக்கு மரவைகளைத் தரும்படி ராஜலக்ஷ்மி அம்மாள் ஆள் அனுப்பினாள். இந்தத் தடவை பிரிஜெட்டின் பெயரையே போடுவார்களாம்.

"பார்க்கணும்னா இங்க வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வீடு திறந்திருக்கும். அம்மாவும் வரலாம்."

வந்தவரை அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பிரிஜெட் பிரசவத்துக்குக் கிளம்பினாள்.