மீதிப் பாதி

பயிற்சியின் மூன்றாம் நாள், இடத்தின் பெயர் அழித்த பழைய கோப்பு ஒன்றை ஆளுக்கொரு நகலாகக் கொடுத்தார் பயிற்சியாளரம்மா. எதிரே பதினான்கு அரசுப் புவியியலாளர்கள். ஒரு குன்றில் போட்ட ஒன்பது ஆழ்துளைகளில் கிடைத்த பாறையின் விவரத்தை வைத்து, அதற்குள் எவ்வளவு செம்பு இருக்கும் என்று மதிப்பிட வேண்டும்.

கடைசி வரிசையில், ஓய்வுபெற இரண்டே வருடம் இருந்த ‘சீனியர்’ முதல் பக்கத்தைப் பார்த்ததுமே கோப்பை அடையாளம் கண்டுகொண்டார். இருபது வருடங்களுக்கு முன் அவரே போட்ட கணக்கு.

எல்லாரும் கணக்குப் போட்டு முடித்ததும் பயிற்சியாளரம்மா சொன்னார்: “ஏழாம் துளையில மட்டும்தான் செம்பு கொட்டிக் கிடந்துது. அதே அளவு மலை முழுக்க இருக்கும்னு கணக்குப் போட்டுட்டாங்க. சுரங்கம் மூணே வருஷத்துல மூடிப்போச்சு.”

“யாரு மேடம் அந்த மகாராசன்?” முன்வரிசைக்காரன் சிரித்தான். “ஒரு சோறு பதம் பாத்துட்டாரோ?”

“பானையில சோறு ஒண்ணா வேகும். மலை அப்படி வேகாதுங்க.”

அறையே சிரித்தது. சீனியர் மட்டும் கேட்டார்: “சோதனைக்கு அனுப்பின மாதிரிப் பை மாறிப்போச்சுன்னு பாறை வெட்டினவர் மேலதானே பழி போட்டாங்க?”

“ஆமா சார். ஆனா துளையில எடுத்த பாறையை ரெண்டா வெட்டி, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பிட்டு மறுபாதியைப் பெட்டியில பத்திரமா வைப்பாங்களே, போன மாசம் அந்த மீதிப் பாதியைச் சோதிச்சோம். அதே அளவு செம்பு. பை மாறவே இல்ல. கணக்குதான் தப்பு.”

பாறை வெட்டியவர் சீனியருடைய அக்கா கணவர். வேலை போனது, ‘பொறுப்பில்லாதவன்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. பை மாறியதாகத்தான் சீனியரும் நம்பினார். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. ஆனால் கடவுள் கல்லுக்குள்ளும் ஒரு சாட்சியை வைத்திருந்தார்.

அவர் எழுந்து நின்றார். “அந்த மகாராசன் நான்தாங்க.”

பயிற்சியாளரம்மா சோதனைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அதன் அடியில் ‘பிழை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார் சீனியர்.

இடைவேளையில், நடைவழியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தார். அத்தானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னார்.

“இதைச் சொல்ல இருபது வருஷமாடா உனக்கு?” அக்கா அழுதாள். “வாசப்படி தாண்டவே கூசிக் கிடந்தாருடா மனுஷன்.”

மறுமுனையில், கல்தூசி தின்ற நெஞ்சின் இருமல் கேட்டது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அத்தானின் குரல்:

“அவனை ஏன் திட்டுற? சாப்பிட்டானான்னு கேளு.”

வசவாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். சுவரோடு சாய்ந்துவிட்டார்.

முன்வரிசைக்காரன் இரண்டு டீயோடு வந்தான். ஒன்றும் கேட்காமல், அவர் கை நீட்டும்வரை இரண்டையும் தானே பிடித்துக்கொண்டு நின்றான்.